மருதாளின் வாய்

பொங்கலூருக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் மருதாளின் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. குழாயடியில் யாராவது முந்திக்கொண்டு குடத்தை வைத்துவிட்டால் அவர்களுடைய மூன்று தலைமுறையும் தெருவுக்கு வந்துவிடும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் பீஸில் ஓட்டை, கறை, தையல் பிசகு இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்க வேண்டும். அங்கேயும் சூப்பர்வைசர்கள் அவள் மேசைப் பக்கம் கொஞ்சம் யோசித்துத்தான் வருவார்கள். கணவன் கன்னையன் தோட்ட வேலைக்குப் போகிறவன். ஒரே பையன் சிவராஜ் வேறொரு கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருந்தான்.

2007 ஆடி மாதத்தில் சிவராஜ் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். இருபத்திரண்டு வயது.

ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் துக்கத்துக்கு வந்த ஒருவரும் அதைக் கேட்காமல் போகவில்லை. பொண்ணு விவகாரமா, கம்பெனியில் எதாவது ஆச்சா, குடிச்சானா என்று பெற்றவளின் முகத்தைப் பார்த்தே கேட்டார்கள். பதில் கிடைக்காததால் கடைசியில் அவர்களே ஒரு பதிலைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். எதிர் வீட்டுப் பெரியாத்தாள் அதைக் குழாயடியில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

"அவ வாய்க்கு ஆரு தாங்குவா? பெத்த புள்ளையே தாங்காமப் போயிட்டான்."

மருதாள் அங்கேதான் நின்றிருந்தாள். மற்ற நாளாக இருந்தால் குடம் பறந்திருக்கும். அன்றைக்குப் பாதி நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஏனென்றால் அந்தக் கடைசி நாள் காலையிலும் அவள் மகனைத் திட்டியிருந்தாள். கம்பெனி வேன் வரும் நேரமாச்சு, இன்னும் எந்திரிக்காமக் கெடக்கறயே என்று. எல்லா நாளும் திட்டுகிற திட்டுதான் அது.

அதன் பிறகு அவள் வீட்டு வாசலை யாரும் மிதிக்க முடியவில்லை. ஆறுதல் சொல்ல வந்த சொந்தத் தங்கச்சியையே ஏசி விரட்டினாள்.

அந்த நாட்களில்தான் நிர்மலா வந்தாள். குன்னத்தூர்க்காரி. மனநல ஆலோசனைக்குப் படித்தவள். திருப்பூரில் ஒரு தொண்டு நிறுவனம், இப்படி ஆட்களை இழந்த வீடுகளுக்குப் போய்வர அவளை வேலைக்கு வைத்திருந்தது.

"எதுக்கு வந்த?" என்றாள் மருதாள் கதவைப் பாதி திறந்து.

"உங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்கக்கா."

"பாத்துட்டயல்ல. போ."

அடுத்த வாரமும் வந்தாள். "செத்த ஊட்டுக்கு வந்து சம்பளம் வாங்கற பொழப்பு, இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று கேட்டாள் மருதாள்.

"ஆமாங்கக்கா, சம்பளம் வாங்கறனுங்க. அடுத்த வாரமும் வருவனுங்க."

காலனிக்கும் நிர்மலாவைப் பிடிக்கவில்லை. பைத்தியத்துக்குப் பார்க்கிற புள்ள அது, மருதாளுக்குப் புத்தி கலங்கிப் போச்சு, அதனால்தான் வருகிறது என்று பெரியாத்தாள் சொல்லிவைத்தாள். அது மருதாள் காதுக்கு வந்த அன்று, துணி அலசிய தண்ணீரைப் பக்கெட்டோடு தூக்கி நிர்மலாவின் மேல் வீசினாள். தலை முதல் கால்வரை சொட்டச் சொட்ட நின்ற நிர்மலாவுக்கும் கோபம் வந்துவிட்டது.

"என்ற மேல ஊத்துனா உங்க பையன் திரும்பி வந்துருவானுங்களா?" என்று கத்தினாள்.

கத்திய பிறகு அவளுக்கே பகீரென்றது. மருதாள் பக்கெட்டைக் கீழே வைத்தாள். துக்க வீடு கலைந்ததிலிருந்து எல்லாரும் அவள் முதுகுக்குப் பின்னால்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். நேருக்கு நேராக ஒருத்தி கத்தியது அதுதான் முதல் தடவை.

"நான் திட்டித்தான் போனானா? நீ படிச்சவதான, சொல்லு."

"தெரியாதுங்கக்கா. ஆரு வந்து இதுதான் காரணம்னு சொன்னாலும் நம்பாதீங்க. ஒரு திட்டுல ஆரும் போறதில்லீங்க. உள்ளுக்குள்ள ரொம்ப நாளா என்னமோ அவன அரிச்சிருக்கோணும்."

மருதாள் வாசற்படியில் உட்கார்ந்தாள். உள்ளே கூப்பிடவில்லை. ஒரு பழைய துண்டை மட்டும் எடுத்து நிர்மலாவின் பக்கம் எறிந்தாள்.

பிறகு வந்த வாரங்களில் நிர்மலா கன்னையனிடமும் பேசினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வாய் திறந்தான்.

"பையன் ஒரு மாசமாத் தூங்கலீங்க அம்மிணி. சோறும் எறங்கல. ஆரோடயும் பேச்சும் இல்ல. நான் பாத்துட்டுத்தானுங்க இருந்தேன். என்னடா கண்ணுன்னு ஒரு வார்த்த கேக்கல."

உள்ளே இருந்த மருதாள் அதைக் கேட்டுவிட்டாள். ஊரே அவள் தலையில் பழியைப் போட்டபோது இந்த மனிதன் இதை மனதில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறான். பையனுக்கு வந்தது ஒரு நோவு, காய்ச்சல் மாதிரி வைத்தியம் உள்ள நோவு, அப்படிப்பட்டது ஒன்று இருக்கிறதென்றே உங்கள் இரண்டு பேருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை என்று நிர்மலா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மருதாள் கேட்கவில்லை. கணவனோடு பேசுவதை நிறுத்தினாள். தட்டில் சோற்றைப் போட்டுத் தரையோடு அவன் பக்கம் தள்ளிவிடுவாள். அவ்வளவுதான். இந்தப் புள்ள வந்து ஊட்டை ரெண்டாக்கிப்போட்டா என்று பெரியாத்தாள் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

அடுத்த வருடக் கடைசியில் வெளிநாட்டு ஆர்டர்கள் குறைந்து, கம்பெனிகளில் ஷிப்டுகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். மருதாள் வேலை செய்த கம்பெனியில் அன்புசெல்வி என்று ஒரு பெண். மூலனூர்ப் பக்கம் இருந்து கல்யாணமாகி வந்து, கம்பெனிக்குப் பின்தெருவில் லைன் வீட்டில் கணவன் தங்கதுரையோடு குடியிருந்தாள். சில நாட்களாக வேலைக்கு வரவில்லை. உயிரை விடப் பார்த்தாளென்றும் அரசு ஆஸ்பத்திரியில் காப்பாற்றிவிட்டார்களென்றும் பேச்சு வந்தது. பிறகு ஒரு திங்கட்கிழமை, முகமெல்லாம் வெளுத்து, வேலைக்கு வந்து நின்றாள்.

மதியச் சாப்பாட்டின்போது பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள்.

"ஏம்மிணி, புருசன் அடிச்சானா?"

"வேற ஆரோடயாச்சும் பேச்சுவார்த்தை இருந்துச்சா?"

ஒருத்தி கேட்காமலேயே தன் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் சாப்பிட்டால் ஆகாதாம். அன்புசெல்வி மூடியைத் திறக்காமல் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரோடும் சேராமல் தனியாகச் சாப்பிடுகிற மருதாள், கையில் சோற்றுப் போசியோடு எழுந்து வந்து அன்புசெல்வியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இவளப் பாத்து ஏன்னு இனி ஆராச்சும் கேட்டீங்க, நாக்க இழுத்து வெச்சு ஓவர்லாக் தையல் போட்டுருவேன். போங்கடி."

போனார்கள். அன்புசெல்வியிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. "சோத்தத் தின்னு" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரமே மேனேஜர் சாமியப்பன் ஆள் குறைக்க ஆரம்பித்தார். முதல் பெயர் அன்புசெல்வி. மருதாள் யாரையும் கேட்காமல் அவர் அறைக்குள் போனாள். அவளுடைய அப்பன் காலத்தில் காலனிக்காரர்கள் சாமியப்பன் வீட்டாரைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். மருதாள் கம்பெனிக்கு வந்த நாளிலிருந்தே சார் என்றுதான் சொல்வாள்.

"அந்தப் புள்ளைய ஏன் சார் நிறுத்தறீங்க? பீஸ்ல ஏதாச்சும் கொறை உட்டாளா?"

"கம்பெனிக்குள்ளயே ஏதாச்சும் பண்ணிக்கிட்டா ஆரு பதில் சொல்றது? ஆர்டர் குடுக்கற பையர் இனி இங்க வருவானா? நீ உன்ற வேலையப் பாரு."

"வேலை இல்லாம ஊட்டுல உக்காந்தா அவ என்ன ஆவான்னு நெனச்சீங்களா சார்?"

சாமியப்பனுக்கு முகம் சிவந்தது. கதவு திறந்திருந்தது. வெளியே இருந்தவர்கள் தையலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"பெத்த பையனையே காப்பாத்த முடியாதவ நீ. எனக்கு வந்து நாயம் சொல்றயா?"

மருதாள் அவர் மேசைக்கு இன்னும் கிட்டப் போனாள்.

"முடியலீங்க சார். முடியாதவதான் வந்து கேக்கறேன்."

அன்றைக்கே இரண்டு பேரையும் கணக்கு முடித்து அனுப்பினார்கள். விஷயம் கேள்விப்பட்டு அடுத்த நாள் பேச வந்த நிர்மலாவை வாட்ச்மேன் கேட்டுக்கு உள்ளேயே விடவில்லை.

வேலை போன அன்றே மருதாள் அன்புசெல்வியை அவள் வீட்டில் கொண்டுபோய் விட்டபோது அங்கேயும் சண்டை காத்திருந்தது. "எங்க குடும்ப விசயத்துல நீங்க ஆரு?" என்றான் தங்கதுரை. ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் கொடுத்த மாத்திரைகள் சாக்கடை ஓரம் கிடந்தன. பைத்திய மாத்திரை என்று அவன்தான் வீசியிருந்தான். மருதாள் தெருமுனைக் கடையின் காயின் போனிலிருந்து நிர்மலாவைக் கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிட்டது அதுவே முதல் முறை.

"வந்து உன்ற வேலையப் பாரு. இங்க இருந்தா நான் இவன அடிச்சுப்போடுவேன்."

நிர்மலா வந்ததும் மருதாள் தங்கதுரையைப் பற்றி ஆரம்பித்தாள். நிர்மலா அவளைக் கையமர்த்தினாள்.

"அக்கா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. நீங்க இருந்தா அவரு வாயத் தொறக்கமாட்டாரு."

மருதாளுக்குச் சுருக்கென்றது. முணுமுணுத்துக்கொண்டே வெளியே போய் நின்றாள். உள்ளே நெடுநேரம் பேச்சு நடந்தது. அவளை விட்டுவிட்டு வந்துவிடு என்று தன் ஊரிலிருக்கும் சொந்தக்காரர்களிடமிருந்து தினமும் போன் வருவதாகச் சொல்லித் தங்கதுரை அழுதான். வேலைக்குப் போய்த் திரும்பும்போது கதவைத் திறக்கவே பயமாக இருக்கிறது என்றான். அப்படியிருந்தும் மாத்திரையை ஏன் வீசினீர்கள் என்று நிர்மலா கேட்டதற்கு, அதைச் சாப்பிட்டால் அவள் பைத்தியம் என்று உறுதியாகிவிடுமே என்றான். அவன் அதைச் சொன்னபோது அன்புசெல்வியும் கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்கும் பயமாத்தானுங்க இருக்குது" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர்கள் ஒருவருக்கொருவர் உண்மையாகச் சொல்லிக்கொண்ட முதல் பேச்சு அதுதான்.

இதற்கிடையில் வாசலில் வீட்டுக்காரம்மா வந்து நின்றாள். போலீஸ், கேஸ் எல்லாம் எனக்கு ஆகாது, காலி பண்ணச் சொல் என்றாள். அவளுக்கு மருதாள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. ஆனால் காலி பண்ணும் பேச்சு அத்தோடு நின்றது.

தங்கதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட வரச் சம்மதித்தான். மாத்திரை மறுபடி வாங்கப்பட்டது. வேலை எளிதில் கிடைக்கவில்லை. மருதாள் பொங்கலூரிலேயே பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டில் குறைந்த கூலிக்குச் சேர்ந்தாள். அன்புசெல்விக்கு அங்கேயும் இடம் தர மறுத்து, பிறகு மருதாளின் தொல்லை தாங்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மருதாள் நிர்மலாவோடு சில வீடுகளுக்குப் போய்வந்தாள். எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொல்ல முடியாது. பல்லடத்துக்குப் பக்கத்தில், மகளை இழந்து அழுதுகொண்டிருந்த ஒரு தாயிடம், "அழுதா வந்துருவாளா?" என்று சொல்லிவிட்டாள். அந்தத் தாய் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பஸ் ஸ்டாப்பில் நின்று நிர்மலா அவளைக் கடுமையாகத் திட்டினாள். "உங்களுக்கு ஊரு பண்ணுனதயே அவங்களுக்குப் பண்ணறீங்களேக்கா" என்றாள். மருதாள் பதிலுக்குக் கத்திவிட்டு வேறு பஸ்ஸில் ஏறிப் போனாள். ஒரு மாதம் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. பிறகு மருதாள் தனியாகப் பல்லடம் போய், அந்தத் தாய் கதவைத் திறக்கும்வரை வெளியே உட்கார்ந்திருந்து, தப்புதான் என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்தத் தாய் அவளை மன்னித்தாளா என்று தெரியாது. காப்பி கொடுக்கவில்லை.

கன்னையனோடு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. மகனைப் பற்றி அவர்கள் முதலில் பேசியது சண்டையாகத்தான் இருந்தது. அவனுக்கு ரசம் பிடிக்குமா, பிடிக்காதா என்று. சண்டை முடிந்தபோது இருவரும் அழுதிருந்தார்கள். பெரியாத்தாளோடு அவள் சமாதானம் ஆகவில்லை. ஆகவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை.

2009 சித்திரையில் ஒரு விடுமுறை நாள் பகலில், அன்புசெல்வி பஸ் பிடித்துத் தனியாக மருதாள் வீட்டுக்கு வந்தாள். மருதாள் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மறுபடியும் மனசு சரியில்லீங்க. பழைய நெனப்பெல்லாம் வருது. ஆஸ்பத்திரிக்குக் கூட வாரீங்களா?"

"எப்ப இருந்துடி?"

"ரெண்டு நாளாங்கக்கா."

"ரெண்டு நாளா என்ன புடுங்கிட்டு இருந்த? உன்ற புருசன் எங்க போனான்? அவங்கிட்டச் சொன்னயா இல்லயா?"

"சொன்னனுங்க. அவரும் வாராருங்க. பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன்னாரு."

மருதாள் திட்டிக்கொண்டே அடுப்பை அணைத்தாள். திட்டிக்கொண்டே புடவையைச் சரிசெய்து, கதவைப் பூட்டி, அன்புசெல்வியின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.