கல்யாண வீட்டுக்கு வந்த மலர்வளையம்

1950களில் ஒரு ஜனவரி மாதம், ஆஸ்டின் டவுனில் எனக்குக் கல்யாணம். சர்ச்சுக்குக் கிளம்பும் நேரத்தில் பூக்கடை ஆள் ஒரு பெரிய அட்டைப்பெட்டியை வாசலில் வைத்துவிட்டு அவசரமாகச் சைக்கிளில் போய்விட்டான். அம்மா திறந்து பார்த்தாள். நான் கையில் பிடிக்கக் கேட்டிருந்த வெள்ளைக் கார்னேஷன் பொக்கே அதில் இல்லை. சாவு வீட்டுக்குக் கட்டிய மலர்வளையம் இருந்தது.

"ஐயோ, கல்யாண வூட்டுல இன்னாடா இது!" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கோலாரிலிருந்து வந்திருந்த சித்தி, கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாமா என்றே கேட்டுவிட்டாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் யாரையோ அடக்கம் செய்யக் காத்திருக்கும் வீட்டில் இந்நேரம் என் பொக்கே போய் இறங்கியிருக்குமே என்பதுதான் அதைவிட உறுத்தியது.

"அண்ணா, மொதல்ல இத அவங்களாண்ட குடுத்துட்டு வா" என்றேன்.

அண்ணன் கடையில் விலாசம் கேட்டுக்கொண்டு ரிச்மண்ட் டவுனுக்குச் சைக்கிளை மிதித்தான். இறந்தவர் ஓர் ஆங்கிலோ இந்திய ரயில்வேக்காரர். என் பொக்கே அவர் நெஞ்சின் மேல் இருந்ததாம். அண்ணன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னபோது, அவர் மனைவி அதை எடுக்க விடவில்லை.

"எங்க மேரேஜுக்கு நான் கையில பிடிச்சதும் இதே பூதான், மேன். அவர்கிட்டயே இருக்கட்டும். உன் தங்கச்சிய வெறுங்கையோட அனுப்ப மாட்டேன், இரு."

வந்திருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கறுப்பு உடையோடு தோட்டத்தில் இறங்கி, இளஞ்சிவப்பு ரோஜாவும் ஸ்வீட் பீ கொடிப்பூவும் காம்பு நீளமாக வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினார்.

அம்மா அழுதுகொண்டே முள்ளை ஒடித்தாள். நான் ரோஜாக்களை நடுவில் வைத்து, ஸ்வீட் பீயைச் சுற்றிலும் தொங்கவிட்டு, ரிப்பனால் இறுக்கினேன். கட்டியது ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நின்றது.

சர்ச் வாசலில் மாமியார், "வெள்ளைப் பூ இன்னாச்சு?" என்றார். நடந்ததைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை, "அந்தம்மாவ நாம ஒருநாள் போய்ப் பாக்கணும்" என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் 'நாம' அது. எனக்கு இருந்த பயமெல்லாம் போய்விட்டது.

சில நாள் கழித்துக் கல்யாண கேக்கோடு போனோம். கதவைத் திறந்தவர், "நீதானா அது?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்களைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய், வாடிய பூக்களைக் கிள்ளிப் போட்டபடியே தன் கல்யாணக் கதையை ஆரம்பித்தார். அன்று அவர் கணவர் சர்ச்சுக்கு எவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தார் என்று சொல்லும்போது அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை.