கழுவக் கூடாத அழுக்கு

எங்கள் வீட்டு மீன்கள் ஏன் சனி, ஞாயிறு பார்த்துச் செத்தன என்று நாங்கள் குழம்பிய குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. ராகு காலத்தில் தொட்டியை வைத்ததிலிருந்து மேல்வீட்டில் அடித்த பெயிண்ட் வரை எல்லாவற்றின் மேலும் எனக்குச் சந்தேகம்.

நான் மைசூரில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதுவது, கருவிகளை நீராவியில் வைத்துக் கிருமி போக்குவது இரண்டும் என் பொறுப்பு. அங்கே முன்னறையை மாற்றிக் கட்டியபோது, பழைய மீன்தொட்டி வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். ஆட்டோவில் முழங்காலுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

எனக்கு மீன் ஆசையெல்லாம் கிடையாது. என் கணவருக்காகத்தான். நஞ்சன்கூடு பக்கம் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கொள்ளேகால்காரர், வாய் ஓயாத மனிதர், நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். கேட்டால் 'உம்', கேட்காவிட்டால் அதுவும் இல்லை. தொட்டி வந்த அன்றுதான் எழுந்தார். தங்கமீன்கள் வாங்கி வந்தார், கற்களை அலசிப் போட்டார், காற்று மோட்டாரையும் அதோடு சேர்ந்த ஸ்பான்ஜ் ஃபில்டரையும் பொருத்தினார். காலையில் பல்கூடத் துலக்காமல் அதன் முன்னால் போய் நின்றார். தொட்டியை நான் மனதுக்குள் கும்பிட்டேன்.

பிறகு மீன்கள் சாக ஆரம்பித்தன. தண்ணீர் அரிசி களைந்த கழுநீராகக் கலங்கும், மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும், மறுநாள் ஒன்று மிதக்கும். கடைக்காரர் ஒரு நீலப் புட்டியைக் கொடுத்தார். "ரெண்டு மூடி ஊத்துங்க மேடம், கிளியர் ஆகுத்தே நோடி" என்றார், தெளிந்துவிடும் பாருங்கள் என்று. தெளியவில்லை. அடுத்த முறை மஞ்சள் புட்டி. செல்போன் வீடியோவில் ஒருவர் தண்ணீரை முழுக்க மாற்று என்றார், இன்னொருவர் மாற்றவே மாற்றாதே என்றார். இரண்டு பேருக்கும் லட்சக்கணக்கில் ஆட்கள் கைதட்டியிருந்தார்கள். யாரை நம்புவது?

ஒவ்வொரு மீனுக்கும் இவர் கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். "என் கையில எதுவும் நிக்காது" என்றார் ஒருநாள். மீன் போனால் போகட்டும், இந்த மனிதர் போய்விடக் கூடாதே என்று எனக்கு அழுகை வந்தது.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை கழுவும் நாள். தரை, வாசல், விளக்கு, சாமி அலமாரி எல்லாம். தொட்டி அந்த அலமாரிக்குப் பக்கத்தில் இருந்ததால் அதன் ஃபில்டரும் கணக்கில் சேர்ந்துவிட்டது. அவரே கழற்றிக் கொடுப்பார், நான் குழாயைத் திறந்துவிட்டுப் பிழிந்து தேய்த்து வெள்ளையாக்குவேன். அன்றைக்கும் அப்படித்தான். கறுப்பாக ஓடிய தண்ணீரைப் பார்த்ததும் எரிச்சல் தலைக்கேறியது.

"இவ்வளவு அழுக்குல மீன் எப்படிங்க உசிரோட இருக்கும்? உங்க கம்பெனிக் கழிவுத் தொட்டியையும் இப்படித்தான் கழுவாம விட்டிருப்பீங்க, அதான் மூடிட்டாங்க!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. முழித்தார்.

"அதைக் கழுவவே மாட்டோம் அம்மிணி" என்றார். "கழுவினா செத்துரும்."

"எது செத்துரும்?"

"சேறு. அந்தச் சேறுதான் தண்ணியச் சுத்தம் பண்ணும்."

தொழிற்சாலையின் கழிவுநீர்ப் பிரிவில்தான் அவருக்கு வேலை. பெரிய சிமெண்டுத் தொட்டியில் அடியிலிருந்து காற்றை ஊதி, பழுப்புச் சேற்றில் நுண்ணுயிர்களை வளர்ப்பார்கள். அத்தனை வருடம் அதைக் கண்போலப் பார்த்துக்கொண்ட ஆள், என் கையிலிருந்து ஸ்பான்ஜைப் பிடுங்கி முகர்ந்தார். "குழாய்த் தண்ணியில போடுற குளோரின் மருந்துதான் நாறுது. மண்வாசம் அடிக்கணும்."

"அப்புறம் ஏங்க வாரா வாரம் எடுத்துக் கொடுத்தீங்க?"

"அது கம்பெனி, இது வீடு. வெள்ளிக்கிழமை கழுவுறதுதானேன்னு..." வெள்ளிக்கிழமை கழுவல், சனி ஞாயிறு சாவு; கணக்கு அப்போதுதான் விளங்கியது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மீனின் கழிவு விஷமாகுமாம். ஒரு வகை நுண்ணுயிர் அதை இன்னொரு விஷமாக்குமாம், வேறொரு வகை அதையும் தின்று, மீனைக் கொல்லாத ஒன்றாக மாற்றிவிடுமாம். எல்லாம் அந்த ஸ்பான்ஜில் குடியிருக்குமாம். நாள் முழுவதும் கிருமியைக் கொன்று சம்பளம் வாங்குகிற எனக்கு இதில் பாதி ஏறவில்லை. விஷம் போய் விஷம் வந்தால் அது எப்படிச் சுத்தம்?

அடுத்த தெருவில் கன்னட டீச்சர் ஒருவர் பல வருடமாக மீன் வளர்க்கிறார். அவரிடம் போய் "உங்க ஃபில்டர் அழுக்கு கொஞ்சம் வேணும்" என்று இவர் என்னைக் கேட்கவைத்தார். "அழுக்கு பேக்கா?" என்று, அழுக்குக்கூடவா வேண்டும் என்பதுபோல, டீச்சர் சிரித்த சிரிப்பில் எனக்கு மானம் போயிற்று. டீச்சர் தன் ஃபில்டரைப் பிழிந்து கொடுத்த கறுப்புத் தண்ணீரை இவர் எங்கள் தொட்டியில் ஊற்றினார். தீனியைக் குறைத்தார். ஸ்பான்ஜ் அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அமுக்கி மறுபடி வைத்தார். சில வாரங்களில் தண்ணீர் தெளிந்தது. மிச்சமிருந்த மூன்று மீன்களும் பிழைத்தன. இவரும் பேச ஆரம்பித்தார், ஆனால் பாக்டீரியாவைப் பற்றி மட்டும்.

போன மழையில் ஒரு மதியம் மரம் விழுந்து கரண்ட் போயிற்று. மோட்டார் நின்றது. நான் வந்து பார்த்தபோது இவர் தொட்டித் தண்ணீரைத் தம்ளரில் மொண்டு, உயரத் தூக்கி, ஸ்பான்ஜின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் ஈரம்.

"மீன் நல்லாத்தானே இருக்கு, எதுக்குங்க இது?"

"மீனுக்கில்ல. காத்து இல்லைன்னா இதுங்க செத்துரும்."

"கரண்ட் வந்துரும், விடுங்க."

அவர் விடவில்லை. திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "கம்பெனிய மூடுன அன்னைக்குக் காத்து மெஷினை என்னையத்தான் நிறுத்தச் சொன்னாங்க. சேறெல்லாம் மெதுவா அடியில உக்காந்துச்சு. அதுங்களுக்கு என்ன தெரியும்? நான் நிறுத்திட்டு பஸ் ஏறி வந்துட்டேன்."

வேலை போனதற்காக உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் நான் அத்தனை மாதமும் நினைத்திருந்தேன். ஒரு மனிதர் சேற்றுக்காகத் துக்கப்பட முடியுமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவர் கையிலிருந்து தம்ளரை வாங்கி நான் ஊற்ற ஆரம்பித்தேன்.