பச்சையம்மா அக்கா வீட்டு முன்வாசல்

பச்சையம்மா அக்கா இன்று விடியற்காலையில் இறந்துவிட்டார். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில்... ஹார்ட் அட்டாக்.

மரக்காணம் பஜாரில் மதியம் வரை கடைகள் அடைப்பு. "உப்பு வணிகர், வியாபாரிகள் சங்கத் துணைத் தலைவர்" என்று பெரிய எழுத்தில் பேனர் கட்டியிருக்கிறார்கள்.

இதே பஜாரில் அவரை "ஏ உப்புக்காரி" என்று கூப்பிட்டதை நானே கேட்டிருக்கிறேன்.

நான் அதிகம் போஸ்ட் போடுகிற ஆள் இல்லை. இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்போது அவரிடம் இருந்தது ஒரு பழைய மொபெட், அதில் இரண்டு மூட்டை. உப்பளத்தில் வாங்கி கிராமம் கிராமமாகப் போய் விற்பார். என் அம்மா அதே உப்பளத்தில் உப்பு சுமக்கிறவர். பச்சையம்மா அக்கா அம்மாவைவிட வயதில் பெரியவர் என்றாலும் எனக்கும் அக்காதான். ஊருக்கே அக்கா.

காலேஜ் முதல் வருஷம் ஒரு நாள் பஸ்ஸை விட்டுவிட்டேன். "ஏறு, கிளியனூர்ல வேற பஸ் புடிச்சிடலாம்" என்று என்னை மூட்டை மேலேயே உட்கார வைத்தார்.

வழியில் ஒரு புது வீடு. வாழைமரம், மைக்செட், கிரகப்பிரவேசம். புது வீட்டுக்குள் முதலில் போக வேண்டியது உப்பு அல்லவா... அந்த வீட்டம்மா குடத்தோடு ஓடி வந்தார்.

"அங்கியே நில்லும்மா, கோலத்த மிதிச்சிடப் போற. மோர் வேணும்னா பின்பக்கமா வா."

அக்கா கேட்டுக்கு வெளியே நின்று குடத்தில் உப்பைக் கொட்டினார். குடம் மேளதாளத்தோடு உள்ளே போனது. அக்கா மோருக்குப் போகவில்லை.

வண்டியை உதைத்துக்கொண்டே சொன்னார்: "என் உப்பு மட்டும் உள்ள போயிடுச்சி, பாத்தியா? நானும் ஒரு ஊடு கட்டுவேன். அன்னிக்கு ஒருத்தரும் பின்பக்கமா வரக் கூடாது."

அந்த வாரமே தமிழ் வகுப்பில் அந்தக் காலத்து உப்பு வணிகர்களைப் பற்றி நடத்தினார்கள். உமணர் என்று பெயராம். குடும்பத்தோடு மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போவார்களாம்.

"மரக்காணத்துல இருந்து யாராவது வர்றீங்களா?" என்று மேடம் கேட்டார். நான் கையைத் தூக்கவில்லை. நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை தூக்காததையும் சேர்த்து அக்காவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்... "புக்குலயே போட்டுட்டாங்களா நம்மள! அவங்களுக்கு இன்னாடி, மாட்டுக்குப் புல்லு போட்டா போதும். நான் பெட்ரோல் இல்ல போடணும்" என்று சிரித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "அவங்கள ஊட்டுக்குள்ள வுட்டாங்களாமா? கேட்டுட்டு வா" என்றார்.

நான் கேட்கவே இல்லை. வகுப்பில் வாயைத் திறக்க எனக்குப் பயம்.

மொபெட் போய் லோடு வண்டி வந்தது. பிறகு ஈ.சி.ஆர். ஓரம் ஒரு குடோன். ஹோட்டல்காரர்கள், கருவாட்டு வியாபாரிகள் எல்லாம் அவரைத் தேடி வந்தார்கள். சங்கக் கூட்டத்தில் முதலில் ஓரத்தில் ஸ்டூல், பிறகு நாற்காலி, பிறகு மேடை.

போன வருஷம் வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு சங்கத்து ஆட்கள் அத்தனை பேரும் வந்தார்கள். அன்று கோலத்தைக் காட்டி நிறுத்திய அந்த வீட்டம்மாவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"என் சம்சாரம் உப்பு எடுத்துட்டுப் போகட்டுங்க" என்றார் சங்கத் தலைவர்.

"கோச்சிக்காதீங்க. ராணிதான் எடுக்கணும். நான் வித்த உப்பெல்லாம் அவ தலமேல வந்ததுதான்."

ராணி, என் அம்மா. விருந்துக்கு வந்தவர், யாரும் சொல்லாமலே பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து குடத்தை வாங்கினார். மேளம் ஆரம்பித்தது. அம்மா குடத்தோடு வீட்டைச் சுற்றிப் பின்பக்கமாக நடந்தார்.

பழக்கம்... பெரிய வீடு என்றால் அம்மாவின் கால் அப்படித்தான் போகும். மேளக்காரர்களும் ஒன்றும் புரியாமல் கூடவே போனார்கள்.

"ஏ ராணி! எங்கடி போற? வாசல் இந்தாண்ட இருக்குது!"

பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அக்கா ஓடினார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து முன்னால் அழைத்து வந்தார்.

"கோலம்..." என்று அம்மா நின்றார்.

"மிதி. மிதிச்சிட்டு உள்ள வா."

இன்று காலை நாங்கள் இரண்டு பேரும் போனோம். வாசல் முழுக்க கார், பெரிய பெரிய மாலைகள், வெள்ளைச் சட்டைகள். நான் தயங்கி ஓரமாக நின்றுவிட்டேன்.

அம்மா நிற்கவில்லை. யாரையும் பார்க்காமல் நேராக முன்வாசலில் ஏறினார். திரும்பி, "வாடி" என்றார்.

உள்ள வந்துட்டோங்க அக்கா... நீங்க நிம்மதியா போங்க.