பின்பால் மெஷினுக்கு வைத்த பொட்டு

மோட்டாருக்குக் காயில் கட்டுகிற தொழிலில் பாதி வேலையை மூக்கு பார்த்துவிடும். கருகல் வாசனை எங்கே வருகிறதோ அங்கே பழுது. இப்படி மூக்கை நம்பி ஒரு பழைய மெஷினை வீட்டுக்குள் ஏற்றிவிட்டு, அப்புறம் வீட்டம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட சகபாவிகளே, நீங்கள் எங்கள் ஊரான கொழிஞ்சாம்பாறையில் இல்லாவிட்டாலும் என் வலி உங்களுக்குப் புரியும்.

பேறுகாலம்

சூரியநெல்லிக்கு மேலே ஒரு டீ ஃபேக்டரியில் மோட்டார் மாட்டப் போயிருந்தேன். பக்கத்தில், மூடிக் கிடந்த எஸ்டேட் கிளப்பைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். துரைமார் விளையாடிய பின்பால் மெஷின் ஒன்று வராந்தாவில் நின்றது. கண்ணாடி மூடிய சாய்வுப் பலகை. அதில் இரும்புக் குண்டு உருண்டு வரும். பட்டனை அழுத்தினால் இரண்டு குட்டித் துடுப்புகள் அதை மேலே அடித்து விரட்டும், மணியடித்து எண் ஏறும். பலகையைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே நாற்பது காயிலாவது இருக்கும். சாப்பாட்டு ராமனை விருந்தில் உட்கார வைத்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

காலி செய்துகொண்டிருந்த எஸ்டேட் ஸ்டோர்காரர் சொன்னார்: "கொண்டு போறதுன்னா போங்கண்ணே. உள்ள ஒரு எலி பேறுகாலத்துக்கு வந்திருக்கு, அதையும் சேத்துக் கூட்டிட்டுப் போங்க."

ஜன்னலோரம்

என் மனைவி கலாமணி ஜாக்கெட் தைப்பவள். முன்னறையில் பாதியை நான் காயில் கட்டுகிற மேஜை அடைத்திருந்தது. வெளிச்சம் விழுவது ஜன்னலோரம் மட்டும்தான், அங்கேதான் அவளுடைய தையல் மெஷின் இருந்தது. பின்பால் வேறு எங்கும் நுழையாததால் தையல் மெஷின் அடுப்படிக்குப் போனது. ஒரே வாரத்தில், ஜாக்கெட் கையில் கடுகு இருந்ததாக டீச்சர் ஒருவர் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்றைக்குக் கலாமணி கெடு வைத்தாள்: "ஏனுங்க, ஆயுத பூசைக்குள்ள இது ஓடோணும். ஓடலீன்னா ஆக்ரிக்காரரு பழைய இரும்போட ஏத்திட்டுப் போயிருவாரு. உங்களையும் ஏத்தோணும்னா வண்டில எடம் இருக்குதுங்கறாரு."

வாட்டம்

கருகிய காயில்களை எல்லாம் புதிதாகக் கட்டினேன். விளக்கு எரிந்தது, மணி அடித்தது. ஆனால் குண்டு நாலு அடி வாங்குவதற்குள் துடுப்பு செத்துவிடும். மூன்று வாரம் ஒவ்வொரு காயிலாக முகர்ந்தேன். ஒன்றிலும் கருகல் இல்லை. என் மூக்கின் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

தண்ணீர் குடிக்க வந்த கொத்தனார் ஆறுமுகம் உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு வளையத்துக்கு நடுவே கூம்பு மாதிரி ஒரு குண்டு தொங்கியது. யாராவது மெஷினை அசைத்து ஏமாற்றினால் அது வளையத்தில் இடித்து ஆட்டத்தை நிறுத்திவிடும் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மெஷின் சாய்ந்து நின்றதால் யாரும் ஏமாற்றாமலே இடித்துக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஆறுமுகத்துக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இது எங்க தூக்குக்குண்டுங்க. மெசினுல கொறையில்லீங்க, தரைதான் ஒரு பக்கமா வாட்டம். தரை போட்டது நாந்தானுங்க."

பொட்டு

காலுக்கு அடியில் ஓட்டுச்சில்லு வைத்ததும் மெஷின் ஓடியது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள். வென்றுவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தேன்.

மறுநாள் பத்துப் பேர் வந்து நின்றார்கள். பட்டனை அழுத்தினேன். சத்தமே இல்லை. பலகையைத் தூக்கினால் உள்ளே சந்தன மணம். எங்கள் வீட்டில் பம்புசெட்டு, கத்தரிக்கோல், மிக்ஸி எதுவும் பொட்டில்லாமல் அன்றைக்கு இருக்காது. விடியற்காலையில் குளித்துவிட்டு வந்த கலாமணி பக்தியோடு உள்ளே இருந்த ஒவ்வொரு சுவிட்சுத் தகட்டுக்கும் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்திருந்தாள். காய்ந்த சந்தனத்தைத் தாண்டிக் கரண்ட் போகுமா? அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டேன். அவள் அசரவில்லை.

"சாமி கும்புட்டாக் கெட்டுப்போற மெசினு ஊட்டுல எதுக்குங்க?"

விஜயதசமி

பூஜைக்கு வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாது என்பதால் மெஷினுக்கு ஒரு நாள் ஆயுள் நீடித்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை ஆக்ரிக்காரரின் வண்டி வாசலில் நின்றபோது நான் சந்தனத்தைச் சுரண்ட உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். கலாமணி அதைப் பிடுங்கி எறிந்தாள். காலருக்கு வைக்கிற கேன்வாஸ் துணியை ரிப்பனாக வெட்டி, தகட்டுக்கு நடுவே விட்டு, ஊசி கோக்கிற விரலால் ஒவ்வொன்றாக இழுத்தாள். சந்தனம் துணியோடு வந்தது, ஒரு தகடும் வளையவில்லை. முதல் மணி அடித்ததும் என் கண் கலங்கிவிட்டது. இவளிடமா நேற்றுக் கத்தினேன் என்று வெட்கமாகவும் இருந்தது.

பொட்டு வைத்தவளே முதலில் ஆடட்டும் என்று விலகினேன். அதுதான் நான் செய்த தவறு. மதியம் வரை அவள் பட்டனை விடவில்லை. ஆக்ரிக்காரர் வெறும் வண்டியோடு திரும்பினார். ஜாக்கெட் வாங்க வந்த அதே டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பையைக் கீழே வைத்தார்.

"ஜாக்கெட்டு மெதுவாத் தெச்சாப் போதும் கலாமணி. கொஞ்சம் தள்ளு கண்ணு, நானும் ஒரு கை பாக்கறேன்."

இப்போது ஜன்னலோரம் பின்பாலும் அதன் பக்கத்தில் தையல் மெஷினும் இருக்கின்றன, முன்னறையில் இடம் போதாத ஒரே சாமானாகிய நான் மாட்டுக் கொட்டாயில் காயில் கட்டுகிறேன்.