அம்மா தலையில் இருந்த ரோஜா

வெள்ளைக்காரர்கள் காலத்தில் போட்ட அந்த மலைத் தோட்டத்து ரோஜாக்களில் ஒன்றுக்கும் வாசம் கிடையாது. ஒவ்வொரு செடிக்கும் பெயர்ப்பலகை இருந்தது, வாசம்தான் இல்லை. அன்று இதை யாரும் காதில் வாங்காததால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வேங்கிக்காலில் அப்பா வேலை பார்த்த ஆபீஸ்காரர்கள் குடும்பத்தோடு வேன் பிடித்துப் போன சுற்றுலா அது. அப்பாவின் மேலதிகாரியும் மனைவியோடு வந்திருந்தார். காலையில் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் வேனுக்குக் காத்திருந்தபோது அப்பா ஒரு பன்னீர் ரோஜா வாங்கி அம்மாவிடம் கொடுத்தார். வெளியூர் கிளம்பினால் எங்கள் வீட்டுப் பெண்கள் பூ வைக்காமல் வண்டி ஏற மாட்டார்கள். ரோஜாத் தோட்டத்துக்கு ரோஜா வைத்துக்கொண்டு போனால் வம்பு வரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது வாசலில் காவலாளி அம்மாவை மறித்தார்.

"பூவைப் பறிக்காதீங்கன்னு இவ்ளோ பெருசா எழுதி வெச்சிருக்கு. படிக்கத் தெரியாதா?"

"இது ஊர்லயே வெச்சதுங்க" என்றாள் அம்மா.

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க."

காம்பு வாடியிருந்தது. இதழோரம் கறுத்திருந்தது. தோட்டத்துப் பூவில் பாதி அளவுகூட இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, முகர்ந்து பார்த்தாலே போதும். இவ்வளவையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. கடைசியில் கத்தினேன்.

"அப்பாதான் வாங்கிக் குடுத்தாரு! அவரையே கேளுங்க!"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். மேலதிகாரி மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"விடுங்க சார், தெரியாம பறிச்சிட்டா" என்றார் அப்பா. "எங்களுக்கு டைம் ஆவுது."

அம்மா பூவை எடுத்து, ஹேர்பின்னோடு, காவலாளியின் மேஜைமேல் வைத்தாள்.

வேனில் மேலதிகாரியின் மனைவி ஆரம்பித்தார். "அடுத்த வாட்டி பலாத்தோப்புக்குப் போலாங்க. அதத் தலையில வெக்க முடியாது பாருங்க." வேனே சிரித்தது. அப்பாவும் சிரித்தார், மற்றவர்களைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே.

எழுதும்போது இப்போதும் எனக்கு முகம் கொதிக்கிறது. ஆனால் அன்று என் கோபமெல்லாம் அந்தக் காவலாளிமேல்தான். ஊர் வந்து சேரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அதன் பிறகும் அப்பா வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வாங்கி வந்தார். அம்மா வாங்கிக்கொள்வாள். தனக்கென்று ஒரு துண்டுகூடக் கிள்ளாமல், மொத்தத்தையும் சாமி படத்துக்குப் போட்டுவிடுவாள்.

அம்மாவுக்குப் பக்தி கூடிவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.