சொட்டக் கூடாது என்று ஒரு தீர்மானம்

தலை நிறைய நல்லெண்ணெய். குழாயில் தண்ணீர் இல்லை. தீபாவளி விடிகாலையில் இப்படி உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? கிளமெண்டியில் எங்கள் அடுக்குமாடிக் காண்டோவாசிகளுக்கு இந்த வருஷம் கிடைத்தது.

எல்லாம் ஒரு போட்டோவால் வந்த வினை. பம்ப் ரூம் தரையில் கொஞ்சம் ஈரம். யாரோ படமெடுத்து, ‘தண்ணீர் வீணாகிறது’ என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டார். உடனே நானும் அங்கம் வகிக்கும் நிர்வாகக் குழு கூடியது. மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் இரண்டு பம்ப்புகளும் இனி ஒரு சொட்டுகூட விடக் கூடாது என்று தீர்மானம் போட்டது. எங்கள் ஏழு பேரில் ஒருவருக்கும் பம்ப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் ஏகமனதாக நிறைவேறியது.

டெக்னீஷியன் மரியதாஸ் பல வருஷமாகப் பம்ப்புகளோடு மாரடிப்பவர். தன்மையாகத்தான் சொன்னார்.

"சார், இது பழைய பம்ப். கொஞ்சம் சொட்டணும் லா. சுத்துற தண்டுக்கும் அதைச் சுத்தியிருக்கிற பேக்கிங் கயித்துக்கும் நடுவுல மெல்லிசா தண்ணி ஓடணும். தண்டு அதிரும்போது அதுதான் தாங்குது, சூட்டையும் எடுத்துட்டுப் போகுது. ரொம்ப இறுக்கினா கருகிடும்."

"டைட் பண்ணச் சொன்னோம். பாடம் எடுக்கச் சொல்லல" என்றார் தலைவர். பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். பதவி போய்விட்டது, தோரணை போகவில்லை.

"அப்ப அதைக் குரூப்ல எழுதிப் போட்டுடுங்க சார்."

போட்டார். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அதில் ஒன்று என்னுடையது... படிக்காமலே அமுக்கியது.

மரியதாஸ் இறுக்கினார். தரை காய்ந்தது. காய்ந்த தரையைத் தலைவர் படமெடுத்துப் போட்டார். பாராட்டுகள் குவிந்தன.

நான்காம் நாள் தீபாவளி. எண்ணெய்த் தலையோடு கீழே ஓடினேன். பம்ப் ரூமில் கருகல் நாற்றம். இரண்டு பம்ப்பும் நின்றுவிட்டன. லீவு நாளிலும் கூப்பிட்டவுடன் சுவா சூ காங்கிலிருந்து வந்துவிட்ட மரியதாஸ், மண்டியிட்டுக் கருகிய பேக்கிங்கைத் தோண்டிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலேயே, நெற்றியில் எண்ணெய் வழிய, தலைவர் மரியதாஸின் கம்பெனி மேலாளரிடம் போனில் பேசினார்.

"எல்லாம் உங்க ஆளோட கவனக்குறைவு. வேலையை விட்டே தூக்குங்க."

மரியதாஸ் நிமிரவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மரியதாஸிடம் மேலாளரின் நம்பரை வாங்கி, அந்தத் தீர்மானத்தையும் எங்கள் கட்டைவிரல்களையும் அப்படியே அனுப்பி வைத்தேன்.

மரியதாஸுக்கு வேலை போகவில்லை. தலைவர் என்னோடு பேசுவதில்லை — எனக்குத் தீபாவளிப் பரிசு. பம்ப் இப்போது அளவாகச் சொட்டுகிறது. அடியில் ஒரு வாளி வைத்திருக்கிறோம்.

நேற்று அந்த வாளியைப் படமெடுத்து யாரோ குழுவில் போட்டிருக்கிறார்: ‘கொசு வரும், உடனே கூட்டம் போடுங்கள்.’