நான் நடத்திய நரம்பு மண்டலப் பாடம்

மல்காஜ்கிரியில் ஒரு ஜூனியர் காலேஜில் உயிரியல் நடத்துகிறேன். என் கணவர் மல்லாபூரில், பூச்சிமருந்தைக் கலந்து புட்டியில் அடைக்கும் சிறிய தொழிற்சாலையில் மெஷின் பார்த்துவந்தார்.

அந்த வாரம் வகுப்பில் நரம்பு மண்டலம். ஒரு நரம்பணு அடுத்ததைத் தொடுவதில்லை, இடையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சந்து இருக்கிறது, அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம்தான் பல இடங்களில் அதைத் தாண்டிச் செய்தி சொல்கிறது என்று விளக்கினேன். செய்தியைச் சொல்லி முடித்ததும் ஒரு நொதி அதை உடனே சிதைத்துவிடும்.

"சிதைக்கலைன்னா மேடம்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"அது பரீட்சைக்கு வராது" என்றேன்.

மறுநாள் மாலை என் கணவர் வீட்டுக்கு வந்தபோது ஜனவரிக் குளிரிலும் வேர்த்து ஊற்றியது. வாயில் எச்சில் வழிந்தது. கண்ணில் நீர். வாசலிலேயே வாந்தி எடுத்தார். குடியை விட்டு எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"மறுபடி ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இல்லடி. பம்ப் பைப் பிடுங்கிக்கிச்சு. மேலெல்லாம் மருந்து அடிச்சிடுச்சு."

"அப்போ சட்டைய ஏன் மாத்தல?"

"ஷிஃப்ட் முடியற வரைக்கும் நிக்கச் சொன்னாங்க."

நான் நம்பவில்லை. குடித்துவிட்டு வந்த நாட்களில் இதைவிட நல்ல பொய்களைச் சொல்லியிருக்கிறார். அவரை நாற்காலியில் விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய் சப்பாத்திக்கு மாவு பிசைந்தேன். அரை மணி நேரம் இருக்கும். பத்தாவது படிக்கும் மகள் வந்து, அப்பா கண்ணைப் பார் என்று தெலுங்கில் கூப்பிட்டாள். "அம்மா, நான்ன கள்ளு சூடு."

அவர் கண்களைப் பார்த்தேன். கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. இமையும் கெண்டைக்காலும் தன்பாட்டுக்குத் துடித்தன. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பூச்சிமருந்து நொதியை முடக்கிவிடும். அசிட்டைல்கோலின் சிதையாமல் தேங்கும். நம்மைக் கேட்காமலே எச்சிலையும் வேர்வையையும் குடலையும் இதயத்தையும் நடத்தும் தன்னியக்க நரம்புகளுக்குக் கட்டளை போய்க்கொண்டே இருக்கும். நிறுத்த ஆளில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் சட்டையைக் கத்தரித்து எறிந்தார்.

"எவ்வளவு நேரமா இது மேல இருக்கு? தோல் வழியாவே உள்ள போயிட்டிருக்கும்மா."

என் கணவரின் நாடி நாற்பதுக்குக் கீழே போயிருந்தது. நுரையீரலில் நீர் வற்றும்வரை மாற்றுமருந்தான அட்ரோபினை ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். அதன் வேகத்தில் இரண்டு நாள் நாக்கு வறண்டு, பிதற்றியபடி, படுக்கை விரிப்பைப் பிய்த்துக்கொண்டு கிடந்தார்.

ஐந்தாம் நாள் அவருடைய சூப்பர்வைசர் ஒரு தாளோடு வந்தார். மெட்டுகுடா ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த, உருது கலந்து பேசும் தமிழர். எங்கள் வீட்டில் பலமுறை சாப்பிட்டவர்.

"கை கழுவாம சாப்ட்டாருன்னு போட்டிருக்கு அண்ணி. ஒரு சைன் போதும்."

"பைப் பிடுங்கினது உங்களுக்குத் தெரியாதா?"

"ஹவ், பிடுங்கிச்சு. நான்தான் நிக்கச் சொன்னேன். அதெல்லாம் எழுத நக்கோ, வேணாம் அண்ணி. என் வேலை போயிடும்."

நான் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். படுக்கையிலிருந்து என் கணவர் கை நீட்டி வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "அவனும் புள்ளகுட்டிக்காரன்" என்றார்.

மூன்று வாரம் கழித்து அவர் பாதங்கள் மரத்தன. அப்புறம் தூக்க முடியாமல் தொங்கின. இந்த வகை விஷங்களில் சில, நீளமான நரம்புகளைப் பிந்தித்தான் அரிக்கும் என்றார் டாக்டர். தொழிற்சாலை அவரை வேலையிலிருந்து நிறுத்தியது. காரணம் கேட்கப் போனபோது அந்தத் தாளைத்தான் காட்டினார்கள். சூப்பர்வைசர் அதற்குப் பிறகு எங்கள் தெருப்பக்கமே வரவில்லை.

போன மாதம் என் கணவர் திடீரென்று கேட்டார். "அன்னிக்கு நான் குடிச்சிருக்கேன்னுதானே உள்ள போயிட்ட?"

"ஆமாங்க."

தொங்கும் பாதத்தைக் கையால் தூக்கிச் செருப்புக்குள் நுழைத்தார்.

"நடந்தா செருப்பு கழண்டுக்குது" என்றார். "பின்னாடி வார் வெச்சதா ஒண்ணு வாங்கிட்டு வா."